பெயர் வைக்காத பங்கு

சனிக்கிழமை மத்தியானம், கூலி வந்து விழ வேண்டிய நேரத்தில், அம்சவேணியின் கைப்பேசியில் ஒரு வரி வந்து நின்றது. மோனிஷா அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

“உங்கள் மதிப்பலகுகள் ஓய்வில் உள்ளன.”

“என்னாடி அது?”

“நம்ம கூலிதான் யக்கா. ஓய்வுல இருக்குதாம்.”

“வாரம் பூரா பாண்டு சுமந்தது நாம. ஓய்வு அதுக்கா?” என்றாள் தேவயானி.

கேளம்பாக்கத்துக்கு மேற்கே ‘விண்மாடம்’ என்ற நிறுவனம் எழுப்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளம் அது. அங்கே சுவரை எந்திரம் அச்சடிக்கும். கலவையை உறிஞ்சி, பற்பசையைப் பிதுக்குவதுபோலப் பிதுக்கிக்கொண்டே போகும். பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் அதைத்தான் படம் பிடிப்பார்கள். அது சிந்துகிற கலவையை இறுகுவதற்குள் சுரண்டுவது, அதன் வாயில் ஜல்லி அடைத்துக்கொண்டால் கையை விட்டுப் பிடுங்குவது, அதன் கை எட்டாத மூலைகளுக்குப் பாண்டுச் சட்டியில் கலவை சுமப்பது, இதெல்லாம் படத்தில் வராது. அதற்கு அம்சவேணியின் செட்டு இருந்தது. எட்டுப் பெண்கள். எல்லோரும் திருவண்ணாமலைப் பக்கம். அந்த மூலைகளுக்கும் ஓர் எந்திரம் உண்டு என்று சொல்வார்கள். அதன் வாடகையில் பாதிகூட இந்த எட்டுப் பேரின் கூலி இல்லை. அதனால்தான் அறிவியல் அந்த மூலைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நோட்டும் சில்லறையும் ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக வந்ததற்கு முதலில் ‘எண்மப் பணம்’ என்று பெயர் வைத்தார்கள். பணம் என்றால், அது கணக்கிலிருந்து காணாமல் போகும்போது யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்றது நீதிமன்றம். உடனே பெயர் ‘மெய்நிகர் நாணயம்’ ஆனது. நாணயத்தில் சம்பளம் கொடுத்தால் சேமநல நிதியும் கட்ட வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் கொடி பிடித்தார்கள். ‘மறையீட்டுச் சொத்து’ ஆனது. சொத்து என்றால் திருடு போனதாகப் புகார் கொடுக்கலாமே என்று எவனோ ஒருவன் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விட்டான். கடைசியில் ‘பரிமாறத்தக்க மதிப்பலகு’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வேலை செய்கிற இடத்தில் அதற்கு ‘மினுக்கு’ என்று பெயர். வந்தால் கைப்பேசி மினுங்கும். அவ்வளவுதான்.

எட்டுப் பேரின் மினுக்கும் அம்சவேணியின் கைப்பேசிக்கே வரும். தனித்தனியாக அனுப்பினால் எட்டுப் பேரும் தொழிலாளர்கள் ஆகிவிடுவார்களாம், அது நிறுவனத்துக்கு ஒத்துவராது. அம்சவேணி சரிசமமாகப் பிரித்து அனுப்புவாள். தலைவி என்று தனக்கு ஒரு துளி கூட வைத்துக்கொள்வதில்லை. பிள்ளை பெற்றோ காய்ச்சல் கண்டோ அடிபட்டோ ஒருத்தி படுத்துவிட்டால், எழுந்து வருகிற வரைக்கும் அவள் பங்கும் போகும். யார் ஆரம்பித்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் கிடையாது.

இப்போது படுத்திருந்தவள் பூங்கோதை. சாரத்தில் ஒரு பலகை நழுவிக் கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. அரசு ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே வைக்கிற தகட்டை வெளியே வாங்கிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். சீக்கிரம் வாங்கி வராவிட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், அப்புறம் அவள் பாண்டு தூக்க முடியாது என்றும் சொன்னார். பாண்டு தூக்காத பூங்கோதைக்கு வேறு பிழைப்பு இல்லை. புருஷன் எப்போதோ ஓடிப்போனவன்.

மேஸ்திரி தண்டபாணியிடம் போய்க் கேட்டார்கள். அவன் இந்தக் கட்டடத்துக்கு விண்மாடம் வைத்த ஒப்பந்தக்காரன்.

“நான் அனுப்பிட்டேன் அம்சா. ஆணையம் புடிச்சி வெச்சிருக்கு. கிண்டியில போயிக் கேளு. என்னா பண்ணித் தொலைச்சியோ.”

திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு ஏழு பேரும் கிண்டிக்குப் போனார்கள். பஸ்ஸில் தேவயானி வாயைத் திறந்தாள்.

“ஒண்ணு சொல்றேன், யாரும் அடிக்க வராதீங்க. பூங்கோதை பங்காலதான் இந்த வில்லங்கம்னு தண்டபாணி அந்த எந்திரக்காரன்கிட்ட சொல்லிட்டிருந்தான். என் வீட்டு அடுப்பு அவ தொடையிலயா எரியுது?”

“உனக்கு ரெண்டாவது பொறந்தப்ப எங்க அடுப்புல உன் சோறு வெந்துச்சி. அன்னிக்கி எங்க போச்சி இந்த வாயி?” என்றாள் மோனிஷா.

“நீ அப்ப ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தடி. பாத்த மாதிரி பேசற.”

“கதை கதையாச் சொல்லியிருக்கியே நீயே.”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க. கண்டக்டரு பாக்கறான்” என்றாள் அம்சவேணி.

மதிப்பலகு ஒழுங்காற்று ஆணையத்தில் அவர்களைப் பார்த்தவர் ஹரிநிவாஸ் என்ற இளைஞர். சொல்லாக்கப் பிரிவின் உதவி ஆணையர். எந்தப் பரிமாற்றத்துக்கு என்ன பெயர் என்று தீர்மானிப்பது அவர் வேலை. நல்ல மனிதர்தான். ஏழு பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி நாலுதான் இருந்தது.

“அம்சவேணி யாரும்மா? நீங்க உரிமம் இல்லாம மதிப்பலகுச் சேவை நிறுவனம் நடத்துறீங்க.”

“நானா? நான் சித்தாளு சார்.”

“அது உங்க தொழில். இது உங்க வரையறை.” அவர் பொறுமையாகச் சொன்னார். “பழைய நோட்டு ஊமைம்மா. யாரு எதுக்குக் குடுத்தாங்கன்னு அதுக்குத் தெரியாது. இந்த அலகு அப்படி இல்ல. ஒவ்வொண்ணும் தன் பேரைத் தானே சுமக்குது. கை மாறும்போது எதுக்காக மாறுதுன்னு பாத்துப் பேரையும் மாத்திக்கும். பேர் மாறினா வரி மாறும், சட்டம் மாறும். விண்மாடத்து ஒப்பந்தக்காரர் உங்களுக்கு அனுப்புறப்ப அது ‘குழு ஈடு’. நீங்க வேலை செஞ்சவங்களுக்குப் பிரிச்சாலும் குழு ஈடுதான். ஆனா எட்டாவதா ஒருத்தருக்கு அனுப்புறீங்க. இப்ப புதுசா வேலைத்தள வாசல்ல முகம் பாக்கற கருவி வெச்சிருக்கு. இந்த வாரம் அவங்க முகம் அதுல பதிவாகவே இல்ல. அப்போ அது என்ன?”

“அவ பங்கு.”

“எதுக்கான பங்கு?”

“அவளுக்கான பங்கு.”

ஹரிநிவாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. கடனா? திருப்பித் தரணுமா?”

“தர வேணாம்.”

“அப்போ தானமா?”

“தானம் வாங்க அவ என்னா கோயில் வாசல்லயா உக்காந்திருக்கா?” என்று தேவயானிக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸில் பேசினவளும் அவள்தான்.

“காப்பீடா? முன்னாடியே சந்தா வசூல் பண்ணீங்களா?”

“இல்ல சார்.”

“முதலீடா? அவங்க எழுந்து வந்ததும் உங்களுக்கு எதாவது கூடுதலா வருமா?”

“எழுந்து வந்தா அவ பாண்டை அவ தூக்குவா. அதான் வரும்.”

“இதுக்கு உங்களுக்குள்ள என்ன பேரு சொல்லுவீங்க?”

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தும்மலுக்கும் ஏப்பத்துக்கும் பேர் இருக்கிறது. இதற்கு யாரும் வைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

“பேரில்லாம ஒரு அலகு நகராதும்மா. அதான் நின்னுடுச்சி. உங்க எல்லா அலகும் சேந்து நின்னுடுச்சி.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி சொல்றேன். அந்த அம்மா உங்க குழுவுல இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த மைக்குல. நீங்க ஏழு பேரு கூலிக்காரங்க ஆயிடுவீங்க. இப்பவே கூலி வந்துடும். அவங்க பங்கு வேணும்னா நீங்க நிதி நிறுவனம்.”

தேவயானி மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் அரிசி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற வீடுகளிலும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். யாரும் மைக்கின் பக்கம் நகரவில்லை.

“இன்னிக்கே வரும்னு சொல்றீங்க” என்றாள் தேவயானி மெதுவாக.

“இப்பவே.”

“சனியன். வேணாம் சார்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்சவேணி எழுந்து நின்றாள். “கம்பெனின்னே வெச்சிக்குங்க சார். கம்பெனிக்கு என்னா பண்ணணும்?”

ஹரிநிவாஸின் முகம் மலர்ந்தது. மகளிர் நடத்தும் புதிய நிதி நிறுவனங்களுக்கு என்று ஒரு திட்டம் இருந்ததாம். கட்டணம் கிடையாது. விளம்பரத்தில் போட்ட ஒரு படம் மட்டும்தான் இருக்கிறது, இதுவரை ஒருவரும் வரவில்லை. பதவிகள் நிரப்ப வேண்டும் என்றார். பிளஸ் டூ முடித்த மோனிஷா தலைமை இணக்க அலுவலர் ஆனாள். அம்சவேணி நிர்வாக இயக்குநர்.

“இடர் மதிப்பீட்டாளர்னு ஒருத்தர் வேணும். ஆபத்து எங்க வரும்னு முன்கூட்டியே பாக்கறவங்க.”

“கைப்பிடி இல்லாத சாரத்துல தெனம் ஏறி எறங்கறேன். என்னையப் போடுங்க” என்றாள் தேவயானி.

மீதி நாலு பேருக்கும் தணிக்கை, குறைதீர்ப்பு, தரவுப் பாதுகாப்பு, வாடிக்கையாளர் நலன் என்று ஆளுக்கொன்று கிடைத்தது. கடைசியாக ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ‘சேவையின் பெயர்.’ காலியாகவே விட்டு அழுத்திப் பார்த்தார். திரை சிவந்தது. ‘அவ பங்கு’ என்று போட்டுப் பார்த்தார். மறுபடியும் சிவந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு குழந்தைக்குப் பெயர் வைக்கிறவர் மாதிரி மெல்லச் சொன்னார்.

“துணைநிற்பு.”

“நல்லாத்தான் இருக்குது” என்றாள் அம்சவேணி. கைப்பேசி மினுங்கியது. ஏழு பேருக்கும் கூலி வந்தது. எட்டாவதும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒரு வாரப் பங்கில் பூங்கோதையின் தகடு வராது. வயிற்றுக்கும் மருந்துக்குமே சரியாக இருந்தது. டாக்டர் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மோனிஷாவின் கைப்பேசி புதுமாதிரியாகக் கூவியது. தலைமை இணக்க அலுவலர் ஒரு வாடிக்கையாளரைச் சரிபார்க்க வேண்டுமாம்.

“யாருடி வாடிக்கையாளரு?”

“நமக்கு யாரு அனுப்பறாங்களோ அவங்க. தண்டபாணி.” மோனிஷா படித்துக்கொண்டே போனாள். “இவர் இந்த வேலைத்தளத்தில் இருபது பேருக்கு என்று வாங்கி எட்டுப் பேருக்கு அனுப்புகிறார். இவர் நம்பத்தக்கவரா? இடர் மதிப்பீட்டாளர் பதில் அளிக்கவும்.”

இருபது பேர் வேலையைத்தான் இத்தனை நாளும் எட்டுப் பேர் செய்திருக்கிறோம் என்பது முதுகுக்கு முன்பே தெரியும். கண்ணால் இப்போதுதான் பார்த்தார்கள்.

“இல்லன்னு போடு” என்றாள் தேவயானி.

போட்டாள். ஒரு நிறுவனம் நம்பத்தகாதவர் என்று சொன்னால் மற்ற நிறுவனங்களும் கதவைச் சாத்திவிடும், அது சட்டம். தண்டபாணியின் அலகுகள் எல்லாம் ஓய்வுக்குப் போயின. டீக்கடையில் கைப்பேசியை நீட்டினான், நகரவில்லை. பெட்ரோல் போட நின்றான், நகரவில்லை. அரைமணி நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“அம்சா... மேடம். என்னா மேடம் இது, ஒரே குடும்பமாப் பழகிட்டு?”

“உங்க விவரம் சரிபார்ப்புல இருக்குதுங்க” என்றாள் மோனிஷா. அந்த வாக்கியம் திரையில் இருந்தது.

“எவ்ளோ நாளு ஆவும்?”

“பூங்கோதைக்குத் தகடு வாங்கற வரைக்கும் ஆவும்” என்றாள் அம்சவேணி.

“அது எப்புடி? அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?”

“இடர் மேஸ்திரி. நான் மதிப்பிடணும் இல்ல?” என்றாள் தேவயானி.

அன்று மாலையே தகடு ஆஸ்பத்திரிக்குப் போனது. தண்டபாணியே வேறொருவர் கணக்கில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் அவன் சரிபார்ப்பு முடிந்தது. செவ்வாய்க்கிழமை அறுத்து வைத்தார்கள். எலும்பு நேராகக் கூடும், மூன்று மாதம் காலை ஊன்றாமல் இருக்கணும், வயிறு காயாமல் இருக்கணும் என்றார் டாக்டர். அன்றைக்கு ஏழு பேரும் பிரியாணி சாப்பிட்டார்கள். சுவரில் கரியால் ‘அம்சவேணி மதிப்பலகுச் சேவைகள்’ என்று எழுதினாள் மோனிஷா. பக்கத்துக் கட்டடத்துச் சென்ட்ரிங் ஆட்கள் எங்கள் கூலியையும் உங்கள் வழியாகவே விட்டுக் கொடுங்கள் என்று வந்து நின்றார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தண்டபாணி மைசூர்பாகுடன் வந்தான். அவன் இனிப்பு கொண்டுவந்தால் பயப்பட வேண்டும். அது யாருக்கும் தோன்றவில்லை. ‘மேடம்’ என்ற மரியாதை போய்விட்டிருந்தது.

“அம்சா, உங்க துணைநிற்பு மேலிடத்துக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சி. வாங்கிக்கறோம்ங்கறாங்க.”

“எதை?”

“அந்தச் சேவையை. பேரோட.”

“அது விக்கற பொருளா?”

“பேரு வெச்சாச்சி இல்ல, பொருளுதான். இன்னோண்ணு. நீங்க இப்ப கம்பெனி. பூங்கோதை யாரு? உங்க கம்பெனி ஆளு. கம்பெனி ஆளு விழுந்தா யாரு பொறுப்பு? கம்பெனி. சாரப் பலகை போனதுக்கும், எந்திரம் அன்னிக்கி நின்னதுக்கும் விண்மாடம் உங்க மேல இழப்பு கேக்கலாம். கேக்கக் கூடாதுன்னுதான் நான் வாதாடிட்டு வர்றேன்.”

“அவ விழுந்தப்ப நாங்க சித்தாளுங்க மேஸ்திரி. கம்பெனி ஆனது அப்புறம்.”

“உரிமத்துல ‘செட்டு ஆரம்பித்த நாள் முதல்’னு போட்டிருக்கு. பாத்துக்கோ.”

மோனிஷா பார்த்தாள். போட்டிருந்தது. நல்ல மனிதர் ஹரிநிவாஸ், பழைய பங்குகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று போட்டிருக்கிறார்.

அன்று ஏழு பேரும் சாப்பிடாமல் பேசினார்கள். விற்றால் பூங்கோதை மேல் ஒரு பழியும் வராது, இழப்பும் கேட்க மாட்டார்கள், அதுதான் விலை. இனிமேல் விண்மாடமே எல்லோருக்கும் தனித்தனியாகக் கூலி அனுப்பும். யார் படுத்தாலும் துணைநிற்பு கொடுக்கும் என்று தண்டபாணி வாயால் சொல்கிறான். விற்காவிட்டால் ஏழு பேர் ஆயுளுக்கும் சம்பாதித்தாலும் அடைக்க முடியாத ஒரு தொகையை இழப்பீடு என்று திரையில் காட்டினான்.

“நம்மகிட்ட இருந்து வாங்கி நமக்கே குடுக்கறேங்கறான். இதுல என்னமோ இருக்குது” என்றாள் தேவயானி.

“இருக்குது. என்னான்னு சொல்லத் தெரியுதா?”

“தெரியல.”

அம்சவேணி கட்டைவிரலை வைத்தாள்.

என்ன இருந்தது என்பது அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. ஏழு கைப்பேசியும் தனித்தனியாக மினுங்கின. ஏழிலும் கூலி குறைந்திருந்தது. ‘துணைநிற்புச் சந்தா கழிக்கப்பட்டது.’ அவர்களுக்கு மட்டுமல்ல, விண்மாடத்தின் எல்லாக் கட்டடத்திலும் எல்லாருக்கும் கழித்திருந்தார்கள். இவர்கள் தொழிலாளர்கள் ஆகிவிடுவார்களே என்று கேட்டதற்கு, இல்லை, சந்தாதாரர்கள் என்று பதில் வந்தது. பூங்கோதைக்கு ஒன்றும் வரவில்லை. மோனிஷா கேட்டுப் பார்த்தாள். ‘சேவை தொடங்குமுன் விழுந்தவர்களுக்குப் பொருந்தாது.’

“சரி விடு, நாமளே அனுப்புவோம். எப்பவும் போல” என்று ஆளாளுக்குத் தங்கள் கைப்பேசியிலிருந்து பூங்கோதைக்கு அனுப்பினார்கள். ஏழிலும் ஒரே வரி. ‘இச்செயல் விண்மாடத்தின் பதிவுபெற்ற சேவையை ஒத்துள்ளது. அனுமதி இல்லை.’

பூங்கோதை அப்போது தாழம்பூரில் தன் ஒற்றை அறைக்கு வந்துவிட்டிருந்தாள். சோறும் குழம்பும் முறை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாடகையைக் குழம்பாகக் கொடுக்க முடியாது. வீட்டுக்காரனுக்கே நேராக அனுப்பிப் பார்த்தாலும் அதே வரிதான் வந்தது. வீட்டுக்காரன் மாசக் கடைசி வரை பார்ப்பேன் என்றான். வெளியே போனால் ஊருக்குப் போக வேண்டும், ஊருக்குப் பஸ்ஸில் போனால் கால் என்னவாகும் என்று டாக்டரைக் கேட்கவே பயமாக இருந்தது.

அம்சவேணி கிண்டிக்குப் பேசினாள். ஹரிநிவாஸ் குரலில் சந்தோஷம் வழிந்தது.

“அம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். துணைநிற்பு கலைச்சொல் தொகுதியில ஏறிடுச்சி. வேற மாநிலத்துக்காரங்க கூட எடுத்துக்கறாங்க. எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?”

“சார், அந்தப் பேரை எடுத்துட முடியுமா?”

“என்னம்மா சொல்றீங்க?”

“பேரு வெக்கறதுக்கு முன்னாடி மாதிரி ஆக்கிடுங்க. நாங்க பாட்டுக்குக் குடுத்துக்கறோம்.”

“பேர் வெக்கறதுக்குத்தாம்மா இங்க பிரிவு இருக்கு. வெச்ச பேரை எடுக்கறதுக்கு இல்ல.”

அவள் வைத்துவிட்டாள். திட்டலாம் என்று நினைத்தாள். திட்டுவதற்கு அந்த ஆளிடம் ஒரு கெட்டதும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டாவது மாடிக்குத் தளம் போடுகிற நாள். தளம் போடுவதில் ஒரு விஷயம் உண்டு. ஆரம்பிக்கிற வரைக்கும் எத்தனை நாள் வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். முதல் கலவை கம்பியின் மேல் விழுந்துவிட்டால் கடைசி மூலை வரைக்கும் நிறுத்த முடியாது. நடுவில் விட்டால் பழையதும் புதியதும் ஒட்டாமல் விரிசல் விழும், பிறகு அந்தக் கூரை காலத்துக்கும் ஒழுகும். எந்திரத்துக்கும் இது தெரியும், மனுஷிகளுக்கும் தெரியும்.

காலையில் கலவை லாரிகள் வரிசையில் நின்றன. பம்பு உறுமியது. பாதித் தளம் முடிந்திருந்தபோது ஏழு பேரும் பாண்டை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே பூங்கோதை, காலை நீட்டிக்கொண்டு, பயந்த முகத்தோடு.

“வேணாம்டி. என்னால உங்களுக்கும் போயிடும்.”

“வாயை மூடிட்டுக் கழுத்தைப் புடி. என்னா கனம் கனக்கற, சும்மா உக்காந்து தின்னுட்டு” என்று தேவயானி அவளைத் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள். நாலு பேர் நாற்காலியின் நாலு காலையும் பிடித்துத் தூக்கி வாசல் கருவியின் முன்னால் வைத்தார்கள். கருவி பூங்கோதையின் முகத்தைப் பார்த்தது. வருகை பதிவாயிற்று என்று பெண்குரலில் சொன்னது. முகம் வந்தால் போதும், கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தண்டபாணி மேலிருந்து ஓடிவந்தான்.

“என்னாடி பண்றீங்க? அங்க கலவை இறுகுது! ஏறுங்க மேல!”

“ஏறறோம். இவளும் வேலைக்கு வந்திருக்கா” என்றாள் அம்சவேணி. “தெனம் வருவா. கால் சரியாவற வரைக்கும்.”

“வேலைக்கா? நடக்கவே முடியாதவ என்னா வேலை பண்ணுவா?”

“உக்காந்திருப்பா.”

“உக்காந்திருக்கறதுக்குக் கூலியா? கம்பெனியில என்னை என்னா கேப்பாங்க? நான் அடிச்சிடுவேன் அவ பதிவை.”

“அடி. நாங்களும் உக்காந்துக்கறோம்” என்றாள் தேவயானி. சொன்னதோடு மணல் குவியல் மேல் உட்கார்ந்தும்விட்டாள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மேலே எந்திரத்தின் வாயில் ஜல்லி அடைத்துக்கொண்டு அது மாடு மாதிரி கத்த ஆரம்பித்தது. கையை விட்டுப் பிடுங்க ஆள் இல்லை. லாரிக்காரன் ஒருவன் ஹாரனை அடித்தான்.

தண்டபாணி மேலே பார்த்தான். கீழே பார்த்தான். பாதியில் நிற்கிற தளம் யார் தலையில் ஒழுகும் என்று அவனுக்குத் தெரியும். விண்மாடம் அதற்கும் ஒரு பெயர் வைத்து அவன் கணக்கில்தான் கழிக்கும்.

“சரி, சரி. தொலைங்க. வந்து போவட்டும்.” அவன் கையிலிருந்த திரையைத் தட்டினான். திரை ஒரு கட்டத்தைக் காட்டி நின்றது. அவன் எரிச்சலோடு அதை அம்சவேணியின் முன்னால் நீட்டினான். “பணியின் பெயர்னு கேக்குது. என்னான்னு போடறது இதை? சொல்லித் தொலை.”

அம்சவேணி சும்மாட்டை உதறித் தலையில் வைத்துக்கொண்டாள்.

“சித்தாளுன்னு போடு மேஸ்திரி. அதுக்கு மேல ஒரு பேரும் வெக்காத. வெச்சா உங்க கம்பெனி மறுபடியும் விலைக்கு வாங்க வேண்டி வரும்.”

அவன் போட்டான். அவர்கள் மேலே ஏறினார்கள். பூங்கோதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வெயில் காலில் படாமல் நாற்காலியை நகர்த்த யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு.